மறு ஆய்வில் குறை இல்லை

உட்காரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். பெஞ்சில் உட்கார். கொடித் துணியைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார். சவரிராயன் மகள்தானே நீ? ஜெசிந்தா. நெற்றியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சின்ன வயதில் மாதா கோயிலில் நீ புதுநன்மை வாங்கிய அன்று விருந்துக்குப் பல்லாவரம் வந்தவன் நான். கோயிலுக்குள் வரவில்லை, அது கொள்கை. பந்திக்கு வந்தேன். பிரியாணி நன்றாக இருந்தது.

டீ சொல்லட்டுமா? வேண்டாமா. சரி.

நீ எதற்கு வந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வக்கீல் அனுப்பினாரா, நீயாக வந்தாயா? நீயாகவா. நல்லது. விபத்தை விசாரிக்கிற அதிகாரி இன்று சாயங்காலத்தோடு சாட்சியம் வாங்குவதை முடித்துக்கொள்கிறார். அதற்குள் சங்கத்தின் பொதுச்செயலாளர் தணிகாசலம் மூன்று வரி எழுதித் தரவேண்டும். விமானத்தின் முன்சக்கரக் காலில் விரிசல் இருந்தது நிஜம். அதைக் கண்டுபிடித்து எழுதியவர் சவரிராயன். பிறகு 'குறை இல்லை' என்று அவர் கையெழுத்துப் போட்டது, சங்கம் போடச் சொன்னதால். இதுதானே? இது கிடைத்தால் உன் அப்பா வெளியே வர ஒரு வழி பிறக்கும். கிடைக்காவிட்டால் அந்தப் பெண் செத்ததற்கும், கைகால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களுக்கும் அவர் ஒருவரே காரணம் என்று எழுதி மூடிவிடுவார்கள். தெரியும்மா. வாசலில் தட்டி கட்டியிருக்கிறதே, பார்த்தாயா? 'தோழர் சவரிராயனை விடுதலை செய்!' என் கையால் எழுதியது. பெயிண்ட் இன்னும் காயவில்லை.

எழுதித் தருகிறேன். தரமாட்டேன் என்று யார் சொன்னது? ஆனால் அதற்கு முன்னால் நீ முழுசும் கேட்கவேண்டும். பாதி தெரிந்துகொண்டு கையெழுத்துக் கேட்கக் கூடாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மீதியெல்லாம் துண்டறிக்கை படித்துக் கற்றது. பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், கூட்டம் கலைந்த பிறகு தரையில் கிடந்ததை எல்லாம் எடுத்துப் படித்தவன். அப்படிப் படித்தவன் எதையும் முதலிலிருந்துதான் சொல்வான்.

அந்த ஹேங்கரில் ஒரு கரும்பலகை உண்டு. உன் அப்பா சொல்லியிருப்பார். சொன்னதில்லையா? வீட்டில் பேசமாட்டார், ஆமாம். விமானத்தைக் கூரைக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்திச் சோதிப்பார்கள். ஏதாவது பழுது கண்ணில் பட்டால், சட்டம் என்ன சொல்கிறது? விமானத்தோடேயே போகிற லாக் புக்கில் உடனே எழுதவேண்டும். எழுதிவிட்டால் அதைச் சரி செய்து, லைசென்ஸ் உள்ளவன் கையெழுத்துப் போடும்வரை விமானம் பறக்கக் கூடாது. அதுதான் சட்டம். எங்கள் ஹேங்கரில் வழக்கம் வேறு. முதலில் சாக்பீஸால் கரும்பலகையில் எழுதவேண்டும். காலையில் வரதன் வருவான். மேலாளர். கையில் ஈரத் துணி. பலகை முன்னால் நின்று படிப்பான். 'இது இருக்கட்டும். இது இருக்கட்டும். இது... அடுத்த தடவ பாத்துக்கலாம்.' ஒரு இழுப்பு. துணியில் போய்விடும். மிஞ்சியது மட்டும் லாக் புக்குக்குப் போகும்.

ஒருநாளாவது 'எழுதாதே' என்று அவன் வாயிலிருந்து வந்ததில்லை அம்மா. அதுதான் அவன் சாமர்த்தியம். 'எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவ யோசிங்க' என்பான். தோளில் கை போடுவான். 'நாளைக்கு மதுரைக்கு அம்பது பேர் போகணும், ஒருத்தருக்கு கல்யாணம், ஒருத்தருக்கு சாவு, நீங்க ஒரு வரி எழுதிட்டா எல்லாரும் நம்ம தலையில காறித் துப்புவாங்க' என்பான். அப்படியும் எழுதினவன் அடுத்த மாதம் ஹேங்கரில் இருக்கமாட்டான். தார்ப்பாய்க்கு அடியில், வெயிலில், சரக்கு வண்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டு இருப்பான்.

உன் அப்பா மூன்று தடவை அங்கே போய்விட்டு வந்தவர். 'எழுத்தாளர்' என்றுதான் அவருக்குப் பட்டப்பெயர். சாப்பாட்டு நேரத்தில் பயல்கள், 'எழுத்தாளரே, இன்னிக்கு என்ன கத எழுதினீங்க? அதுல கதாநாயகி யாரு, இடது எஞ்சினா வலது எஞ்சினா?' என்பார்கள். சிரிப்பார். சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். நானும் கிண்டல் பண்ணியிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. தோழமையில் பண்ணுவது.

சரி, போராட்டத்துக்கு வருகிறேன். ஏன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாய்? நேரம் இருக்கிறது. அதிகாரி உட்கார்ந்திருக்கிற இடம் இங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

ஒப்பந்தத் தொழிலாளிகள். அவர்கள்தான் விஷயம். ஏணி பிடிப்பவன், கிரீஸ் துடைப்பவன், சக்கரம் தூக்குபவன், எல்லாரும் காண்ட்ராக்ட்காரன் ஆள். பத்து வருஷம், பதினைந்து வருஷம். சீருடைகூட வேறு நிறம். ஒருத்தன் விமானத்துக்குப் பக்கத்தில் ஏறி நிற்கிற ஸ்டாண்டிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தான். பெயர் கன்னியப்பன். கம்பெனி ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. 'இவன் எங்க ஆள் இல்ல' என்று ஏற்றிக்கொள்ளவில்லை. மீன்பாடி வண்டியில் போட்டுக் கொண்டுபோனோம். அன்றைக்கு நான் முடிவு செய்தேன். இவர்களை நிரந்தரம் ஆக்காமல் நான் சாகமாட்டேன் என்று. என் மருமகன் தேவராஜும் அதில் ஒருத்தன், அது வேறு விஷயம். அவனுக்காக நான் போராடினேன் என்று வரதன் ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அற்பன்.

வேலைநிறுத்தம் செய்தால் அத்தியாவசியச் சேவை என்று உள்ளே பிடித்துப் போடுவான். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எனக்குத்தான் வந்தது, வேறு யாருக்கும் இல்லை. பின்னால் பலர் சொந்தம் கொண்டாடினார்கள். விதிப்படி வேலை! வாயிற்கூட்டத்தில் ஏறி நின்று சொன்னேன்: 'தோழர்களே, வேலையை நிறுத்தாதீர்கள். வேலையைச் சட்டப்படி செய்யுங்கள். கரும்பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். கண்ணில் பட்ட ஒவ்வொரு குறையையும் நேராக லாக் புக்கில் எழுதுங்கள். எழுதுவது குற்றமா? நிர்வாகம் பதில் சொல்லட்டும்!' கைதட்டல் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டதாம்.

எழுதினார்கள் அம்மா. என்ன எழுத்து! இருக்கையின் உறை கிழிந்திருக்கிறது. படிக்கிற விளக்கு மங்கல். கழிவறைத் தாழ்ப்பாள் இறுக்கம். ஜன்னல் திரை பாதியில் நிற்கிறது. ஒருத்தன் 'இறக்கையின் மேல் காக்கை எச்சம்' என்று எழுதி, அதற்குக் கையெழுத்தும் போட்டுவிட்டான். வரதன் அதைப் படித்துவிட்டு, 'காக்கா மேல நடவடிக்கை எடுக்கணுமா?' என்று கத்தினானாம். விமானங்கள் வரிசை வரிசையாக நின்றுபோயின. பயணிகள் கூச்சல். பத்திரிகைகள் வந்தன. என் படம் போட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் உன் அப்பா என்னைத் தேடி வந்தார். இதே கொட்டகை, இதே பெஞ்ச். உட்காரவில்லை. கை முழுக்கச் சிவப்பு. ரத்தமோ என்று பதறிவிட்டேன். 'சாயம் தலைவரே' என்றார். உலோகத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சிவப்புச் சாயம் பூசி, ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைத் தூள் தெளிப்பார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் கசிந்து, வெள்ளையில் சிவப்புக் கோடாகத் தெரியும்.

'முன்சக்கரக் கால்ல தலைவரே. இம்மாம் நீளம்' என்று விரலைக் காட்டினார். 'முன்னமே ரெண்டு தரம் பலகைல எழுதினேன். ரெண்டு தரமும் தொடச்சிட்டாரு. சாயம் போட்டுப் பாக்க விடல. இன்னிக்கு உங்க புண்ணியத்துல போட்டுப் பாத்துட்டேன். லாக்ல ஏத்திட்டேன். இனிமே அத யாரும் பறக்கவிட முடியாது.'

'வெள்ளை மேல சிவப்புக் கோடா? நம்ம கொடி பறக்குதுன்னு சொல்லு' என்றேன். சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். 'இன்னிக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கணும் தலைவரே' என்றார்.

அதற்குப் பிறகு நிர்வாகம் இறங்கி வந்தது. வராமல் என்ன செய்யும்? தொழிலாளர் அதிகாரி முன்னால் பேச்சுவார்த்தை. வரதன் முகத்தில் ஈயாடவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் அனைவரும் நிரந்தரம். அனைவரும்! ஒருவர்கூட விடுபடாமல். இந்த வட்டாரத்தில் எந்தச் சங்கமும் வாங்காத ஒப்பந்தம் அம்மா அது. பதிலுக்கு அவர்கள் கேட்டது ஒரே ஒரு ஷரத்து. போராட்ட நாட்களில் லாக் புக்கில் ஏற்றிய குறைகளை எழுதியவர்களே திரும்பப் பெறவேண்டும். 'மறு ஆய்வு செய்யப்பட்டது, குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். விமானங்கள் அன்றைக்கே கிளம்பவேண்டும்.

அந்த ஷரத்தை நான் அப்படியே ஏற்றுக்கொண்டேன் என்று நினைக்காதே. அவர்கள் எழுதிக்கொண்டு வந்ததில் 'பொய்யான குறைகள்' என்று இருந்தது. 'பொய்யான' என்ற சொல்லை நான் அடிக்கச் சொன்னேன். அதற்கு மட்டும் அரைமணி நேரம் சண்டை. என் தொழிலாளி பொய் எழுதுகிறவன் இல்லை என்றேன். கடைசியில் அடித்தார்கள். அந்தச் சொல் இருந்திருந்தால் இன்றைக்கு உன் அப்பாவுக்கு எவ்வளவு கெடுதல் ஆகியிருக்கும், யோசித்துப் பார்.

என்ன? விரிசல் என்ன ஆயிற்று என்கிறாயா. அதைத்தானே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

ஹேங்கரில் மேசை போட்டு, லாக் புக்குகளை அடுக்கி வைத்து, ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஜே ஜே என்று இருந்தது. ஒருத்தன் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தான். கன்னியப்பனைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்திருந்தார்கள். உன் அப்பா மட்டும் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் போனேன்.

'என்ன சவரி, வரிசைக்கு வா.'

'மத்தவங்களது எல்லாம் சரி தலைவரே. என்னோடது நெஜம்.'

'எல்லாருடையதும் நெஜம்தான்.'

'அது இல்ல. காக்கா எச்சமும் இதுவும் ஒண்ணா? கால் முறிஞ்சா பிளேன் மூக்குல விழும்.'

'யாரு இல்லேன்னா? ஆனா ஷரத்துல விதிவிலக்கு கிடையாது. நீ ஒருத்தன் போடலேன்னா ஒப்பந்தம் முடிஞ்சது. அங்க பாரு, கன்னியப்பன். அவன்கிட்ட போயி நீயே சொல்லு, என் ஒரு வரிக்காக உன் வேலை போச்சுன்னு.'

அவர் கன்னியப்பனைப் பார்த்தார். பிறகு என்னிடம், 'மறு ஆய்வுன்னு போட்டிருக்கே தலைவரே. நான் மறுபடி பாக்கவே இல்லியே' என்றார். குழந்தை மாதிரி. எவ்வளவு பெரிய வரலாற்று நிமிஷம், இவர் இப்படி ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்படவில்லை. அவர் தோளில் கை போட்டேன். 'சவரி, இன்னிக்குப் போட்டுடு. அடுத்த வாரம் புதுசா எழுது. அப்போ நீ ஒப்பந்தத்துக்கு வெளியே. எவன் என்ன சொல்றான்னு பாக்கலாம். நான் உன் பக்கத்துல நிக்கிறேன். சங்கம் நிக்கும்' என்றேன்.

அவர் சட்டைப்பையில் பேனா இல்லை. என் பேனாவைத்தான் கொடுத்தேன். மாநில மாநாட்டில் எனக்குக் கொடுத்த பேனா. வேறு யாருக்கும் அதை நான் கொடுத்ததில்லை.

போட்டார்.

அழாதேம்மா. அழவில்லையா. சரி. மின்விசிறி வேண்டுமானால் போடுகிறேன், சத்தம்தான் அதிகம்.

அடுத்த வாரம் அவர் எழுதப் போயிருக்கிறார். சொன்னபடியே போயிருக்கிறார். வரதன் லாக் புக்கைப் புரட்டிக் காட்டினானாம். 'போன வாரம் மறு ஆய்வு செஞ்சேன், குறை இல்லேன்னு எழுதினது யாரு? நீங்க. இந்த வாரம் விரிசல்னு சொல்றது யாரு? அதுவும் நீங்க. ரெண்டுல எந்த சவரிராயன நான் நம்பணும்? லைசென்ஸ் வச்சிருக்கிற ஆளு பொய்க் கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு தெரியும் இல்ல?' என்றானாம். சிரித்துக்கொண்டே. எவ்வளவு அயோக்கியத்தனம் பார்! சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தை ஒரு தனித் தொழிலாளிக்கு எதிராகத் திருப்புகிறான். நிர்வாகத்தின் வர்க்கக் குணம் இதுதான்.

நான் அப்போது ஊரில் இல்லை. திருச்சி, சேலம், கோயம்புத்தூர் என்று பாராட்டுக் கூட்டங்கள். உன் அப்பா போன் செய்தார். மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள், மேளச் சத்தம், ஒன்றும் கேட்கவில்லை. 'வந்து பேசறேன்' என்று சொன்னேன். வந்து பேசவும் பேசினேன். விமானத் துறை அதிகாரிக்கு நேராக மனு எழுதப் போவதாகச் சொன்னார். கூடாது என்றேன். தனியாக மனுப் போட்டால் தனியாக மாட்டிக்கொள்வாய், சங்கம் வழியாகத்தான் போகவேண்டும், அதுதான் கட்டுப்பாடு என்றேன். செயற்குழுவில் வைக்கிறேன் என்றேன். வைத்தேன். பொருள் வரிசையில் கடைசியில் இருந்தது. மாநாட்டு வரவேற்புக் குழு அமைப்பதிலேயே நேரம் போய்விட்டது. அடுத்த செயற்குழுவுக்கு ஒத்திப்போட்டோம். நிராகரிக்கவில்லை, கவனி. ஒத்திப்போட்டோம்.

அந்த விமானத்தை அதற்குள் வேறு ஊர்த் தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அது உன் அப்பா கைக்கு வரவே இல்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். இறங்கும்போது கால் மடங்கி, மூக்கில் உராய்ந்துகொண்டே போய்... பயணிகளுக்குத் தண்ணீர் கொடுக்கிற பெண். பேப்பரில் பெயர் வந்தது. நான் படிக்கவில்லை. படித்தேன், ஒருமுறை. மஞ்சரி. எனக்கு இப்போதெல்லாம் தூக்கம் வருவதில்லை. சர்க்கரை நோய். டாக்டர் மாத்திரை மாற்றியிருக்கிறார்.

சரி. தாளை எடு. இல்லை, நானே எழுதுகிறேன். சங்கத்தின் முகப்புத்தாளிலேயே எழுதுகிறேன், அதற்கு மதிப்பு அதிகம். வாசித்துக்கொண்டே எழுதுகிறேன், நீ கேள்.

'விமானப் பராமரிப்புத் தொழிலில் லாப வெறி பிடித்த நிர்வாகம், குறைகளை மறைக்கும்படி தொழிலாளரை நீண்டகாலமாக நிர்ப்பந்தித்து வந்துள்ளது. தோழர் சவரிராயன் அந்த நிர்ப்பந்தத்துக்கு அடிபணியாத நேர்மையாளர். முன்சக்கரக் காலில் விரிசல் இருந்ததை அவர் கண்டறிந்து பதிவு செய்தார்.' பார்த்தாயா, நீ கேட்ட முதல் இரண்டும் வந்துவிட்டன. 'பின்னர் சூழ்நிலையின் நிர்ப்பந்தத்தால்...'

என்ன? சூழ்நிலைதான். வேறு எப்படி எழுதுவது?

யார் சொல்லி என்று கேட்பார்கள் என்கிறாய். கேட்கட்டும். சூழ்நிலை என்றால் எல்லாம் அடங்கும் அம்மா. நீ காலேஜ் படித்தவள், உனக்குத் தெரியாதா?

கேள். நான் பயப்படுகிறேன் என்று நினைக்கிறாயா? மூன்று முறை சிறைக்குப் போனவன் நான். லத்தியில் இந்தத் தோள் இறங்கினது இன்னும் ஏறவில்லை. எனக்கு என்ன பயம்? ஆனால் 'சங்கம் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார்' என்று ஒரு வரி என் கையால் போனால், வரதன் நாளைக்கே கோர்ட்டுக்குப் போவான். சட்டவிரோதமான ஷரத்து, ஒப்பந்தமே செல்லாது என்பான். நிரந்தரமான அத்தனை பேரும் திரும்பத் தெருவில். கன்னியப்பன் குடும்பம் தெருவில். என் பேத்திகள்... அது இருக்கட்டும், என் குடும்பத்தைப் பற்றி நான் என்றைக்குப் பேசியிருக்கிறேன்.

ஒப்பந்தத்துக்கு ஒன்றும் ஆகாது என்று வக்கீல் சொன்னாரா? எழுதியே கொடுத்தாரா? காட்டு. ...ம். ...ம். வக்கீலுக்கு என்ன தெரியும் அம்மா? புத்தகம் தெரியும். தொழிற்சங்க இயக்கம் தெரியுமா? ஒப்பந்தம் தாளில் நிற்கலாம். ஆள் மனதில் நிற்கவேண்டுமே. ஒரு பெண் சாவதற்குத் தணிகாசலம் கையெழுத்து வாங்கினான் என்று வரதன் நோட்டீஸ் அடித்து ஒட்டினால், அப்புறம் எவன் இந்தக் கொடியைத் தொடுவான்? வெளியே பார். ஷிப்ட் மாறுகிறது. அந்த நீலச் சட்டைகளைப் பார், போன வருஷம்வரை சாம்பல் சட்டை போட்டவர்கள். கை தூக்குகிறார்கள் பார். 'வணக்கம் தலைவரே.' வணக்கம், வணக்கம். மைக் வந்துவிட்டதா? வருகிறேன், போங்கள். ...பார்த்தாயா? இவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

உன் அப்பா என்ன சொல்கிறார்? நேற்று சிறைக்குப் போனாயாமே. என்னைக் குறை சொன்னாரா? சொல்லியிருக்கமாட்டார். அவரைக் கேட்டால் என்ன சொல்வார் தெரியுமா, 'தலைவரைத் தொந்தரவு பண்ணாதே' என்பார்.

உன்னைப் பார்த்ததும் வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாரா? எதற்கு?

சரி, அதை விடு.

இதோ, எழுதி முடித்துவிட்டேன். 'சூழ்நிலையின் நிர்ப்பந்தத்தால் கையெழுத்திட நேர்ந்த தோழரை உடனடியாக விடுதலை செய்யுமாறு சங்கம் வலியுறுத்துகிறது.' கையெழுத்து. முத்திரையும் வைக்கிறேன். மை கொஞ்சம் மங்கல், அழுத்தினால் விழும். இதோ. பதிவு எண்ணோடு விழுந்திருக்கிறது. எடுத்துக்கொள்.

எடுத்துக்கொள் அம்மா. ஏன் பார்த்துக்கொண்டே நிற்கிறாய்?

எழுதவேண்டாமா? அப்புறம் என்ன வேண்டும்?

கூட வரவேண்டுமா. நான் வாயே திறக்க வேண்டாமா. அப்பா சொல்லியனுப்பிய வாக்குமூலத்தை வக்கீல் அங்கே படிப்பார், படிக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், 'இது உண்மையா' என்று கேட்டால் மறுக்காமல் இருந்தால் போதும்... அவ்வளவுதானா?

எப்போது? இப்போதேவா?

இப்போது எப்படியம்மா முடியும்? வாயிற்கூட்டம் இருக்கிறதே. ஆட்கள் வந்துவிட்டார்கள். எதற்குக் கூட்டம்? உன் அப்பாவுக்காகத்தான் கூட்டம்! 'தோழர் சவரிராயன் மீது போட்ட பொய் வழக்கை வாபஸ் வாங்கு.' நான்தான் கண்டன உரை. தலைவர் இல்லாமல் கூட்டம் நடக்குமா? நான் இப்போது எழுந்து விசாரணைக்குப் போனால் இவர்கள் என்ன நினைப்பார்கள், நிர்வாகத்தோடு சமரசம் பேசப் போகிறான் என்று நினைக்கமாட்டார்களா? கூட்டத்தை ஒத்திவைக்கச் சொல்கிறாயா? நாற்பது வருஷத்தில் நான் கூட்டத்தை ஒத்திவைத்ததில்லை.

இரு. இரு. ஒரு யோசனை. நீயும் மேடைக்கு வா. சவரிராயன் மகள் என்று அறிமுகம் செய்கிறேன். இரண்டு வார்த்தை பேசு, பேசத் தெரியாவிட்டால் நின்றால்கூடப் போதும். எல்லாரும் கண் கலங்குவார்கள். நாளைக்குப் பேப்பரில் வரும். அந்த அதிகாரிக்கு எழுதித் தருகிற மூன்று வரியைவிட அதற்கு வலு அதிகம், நான் சொல்கிறேன் பார். மக்கள் சக்தி அம்மா. அதற்கு முன்னால் விசாரணையாவது ஒன்றாவது!

கதவைத் திறக்காதே, வெயில் கண்ணில் அடிக்கிறது. ஜெசிந்தா. என்னை அப்படிப் பார்க்காதே. நான் உன் அப்பாவுக்கு என்ன துரோகம் செய்தேன்? சொல்லிவிட்டுப் போ. திட்டிவிட்டாவது போ. நானும் பதில் சொல்லவேண்டாமா?

ஏய், யாருப்பா அங்கே? அந்தப் பெண்ணுக்கு வழி விடுங்கள். விடுங்கப்பா, தள்ளாதீர்கள், அது நம் தோழர் மகள். மைக்கைக் கொடு. இப்படிக் கொடு. ஹலோ. ஹலோ. கேட்கிறதா? அம்மா, தாளை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறாயே! முத்திரை போட்ட தாள்! ...ஹலோ. தோழர்களே, கொஞ்சம் அமைதி. அம்மா, அங்கேயே நில். தெரு தாண்டுவதற்குள் நில். உன் அப்பா பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கப் போகிறேன். அந்த ஒன்றையாவது கேட்டுவிட்டுப் போ.